பணம் கட்டும் முன் துறைக்கு எழுதுங்கள்: அமெரிக்காவில் வேதியியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்த அனுபவம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை என்பதை எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும்வரை ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. தென் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் படித்த எங்களுக்கு வெளிநாட்டுப் படிப்பு என்றால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் கடன் என்பது மட்டுமே தெரியும். உண்மை நிலை வேறு. வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற துறைகள் முனைவர் படிப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், பொதுவாகக் கல்விக் கட்டணத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, மருத்துவக் காப்பீடும் உதவித்தொகையும் தருகின்றன. உதவித்தொகை ஊரையும் பல்கலைக்கழகத்தையும் பொறுத்து ஆண்டுக்குச் சுமார் 25,000 டாலரிலிருந்து 40,000 டாலர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். அதற்கு ஈடாக முதல் ஆண்டில் இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்புகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும்; பிறகு ஆய்வு நெறியாளரின் திட்ட நிதியிலிருந்து சம்பளம் வரும். இந்த ஒரு செய்தி முன்பே தெரிந்திருந்தால் என் குடும்பத்துக்கு ஓராண்டும் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீட்டில் இதை விசாரிக்க யாரும் இல்லாததால், பக்கத்து நகரத்தில் இருந்த ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு அப்பாவும் நானும் சென்றோம். 75,000 ரூபாய் கட்டினால் 2023 ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு எல்லா வேலையையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி அந்தத் தொகையைக் கட்டினோம். முதல் நாளே என் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி, விண்ணப்பங்கள் அனைத்துக்கும் அதையே கொடுத்தார்கள். அதன் கடவுச்சொல் அவர்களிடமே இருந்தது. எல்லா மாணவர்களுக்கும் இப்படித்தான் செய்வோம், கடிதங்கள் தவறிப்போகாமல் இருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். பட்டமேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ. கட்டாயம் என்றார்கள்; தேர்வுக் கட்டணமும் பயிற்சிப் புத்தகங்களும் சென்னைக்குப் போய்வந்த செலவும் சேர்ந்து 30,000 ரூபாயை நெருங்கின. மதிப்பெண் பட்டியல்களை அமெரிக்க முறைக்கு மாற்றி மதிப்பிடும் சான்றும் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு தொகை, அதற்காகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் எனும் அதிகாரபூர்வ மதிப்பெண் பிரதியை வாங்க இன்னொரு தொகை. விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் 75 டாலருக்கு மேல். அப்போது ஒரு டாலர் 82 ரூபாய்க்கு மேல் இருந்தது. அப்பாவின் வங்கி அட்டையை வெளிநாட்டு இணையதளங்கள் ஏற்கவில்லை என்பதால், தங்கள் அட்டையில் கட்டிவிட்டு எங்களிடம் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அட்டைப் பிரச்சினைக்குத் தீர்வு மிக எளிது என்பது பிறகுதான் தெரிந்தது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ அதை நாமே இயக்கிக்கொள்ளலாம். விசா அல்லது மாஸ்டர்கார்டு வகை அட்டை ஒன்று குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் போதும். நாணய மாற்றுக்காக வங்கி பிடிக்கும் சில சதவீதத்தைத் தவிர வேறு செலவில்லை. டிசம்பருக்கு முன்பே ஒரு சிறு தொகையைக் கட்டிப் பார்த்துச் சோதித்துவிடுங்கள், ஏனென்றால் கடைசி நாளன்று அட்டை மறுக்கப்பட்டால் வங்கிக் கிளை திறக்கும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று, எந்தச் செய்தியும் வரவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, முனைவர் படிப்பு எங்கும் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் வந்திருக்கிறது என்று வாழ்த்துச் சொன்னார்கள். அப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பப்பட்டதே எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு 40 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும், இடத்தை உறுதிசெய்ய உடனே முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகத் தயாராகிவிட்டார். அந்த இரவு எனக்கு வந்த பயத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்; எனக்காக வீடு போகும் என்ற பயம் ஒரு பக்கம், வேண்டாம் என்று சொன்னால் என் படிப்பு இத்தோடு முடிந்தது என்ற பயம் மறுபக்கம். மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தரகுத்தொகை தருகின்றன என்பதும், அந்தத் தரகு கட்டணம் செலுத்திப் படிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்குத்தான் கிடைக்கும், உதவித்தொகையோடு சேரும் முனைவர் மாணவரால் அவர்களுக்கு வருமானமில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் பெரிய வேதியியல் துறைகள் பலவற்றில் தனியான முதுநிலைப் படிப்பே கிடையாது. நேராக முனைவர் படிப்புக்குத்தான் சேர்ப்பார்கள்.

மறுநாள் காலையில், விண்ணப்பித்த துறைகளின் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பில் இருந்தவர்களுக்கு என் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். என் விண்ணப்பத்தின் நிலையை அறிய விரும்புகிறேன் என்று நான்கு வரிகள், அவ்வளவுதான். நம் ஊரில் அலுவலகச் சன்னலுக்கு முன் நின்று கேட்டே பழகிய எனக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லை. அன்றிரவே ஒரு துறையிலிருந்து பதில் வந்தது. மூன்று பரிந்துரைக் கடிதங்களில் இரண்டு வந்து சேரவில்லை என்றும், ஜனவரியில் நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லாததால் என் கோப்பு முழுமையடையாதது என்று ஒதுக்கப்பட்டு, தேர்வுக் குழுவின் பார்வைக்கே போகவில்லை என்றும் அந்த அம்மையார் வருத்தத்தோடு எழுதியிருந்தார். மற்ற துறைகளிலிருந்தும் ஏறக்குறைய இதே பதில் வந்தது. நினைவூட்டல்கள் எல்லாம் நான் திறக்கவே முடியாத அந்த மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. என்னை யாரும் நிராகரிக்கவில்லை, என்னை யாரும் படிக்கவே இல்லை என்று புரிந்தபோது அழுகையை விடக் கோபமே அதிகமாக வந்தது. நிறுவனத்தில் கேட்டதற்கு, பரிந்துரைக் கடிதம் ஆசிரியர்களின் பொறுப்பு என்று முடித்துக்கொண்டார்கள். கட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

அந்த ஒருங்கிணைப்பாளரின் கடிதத்தில் இன்னும் மூன்று செய்திகள் இருந்தன. அவர்கள் துறைக்கு ஜி.ஆர்.இ. மதிப்பெண் தேவையே இல்லை. மதிப்பெண் பட்டியல்களை நாமே ஸ்கேன் செய்து பதிவேற்றினால் போதும்; முத்திரையிட்ட பிரதியை இடம் கிடைத்த பிறகு அனுப்பலாம், வெளியார் மதிப்பீட்டுச் சான்று வேண்டாம். பணநெருக்கடி இருந்தால், விண்ணப்பிக்கும் முன் எழுதிக் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய அவர்களால் முடியும். எங்கள் செலவில் பாதிக்கு மேல் தேவையற்றது என்பதை ஒரு மின்னஞ்சல் சொல்லிவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கப் போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஒவ்வொரு துறையின் ஒருங்கிணைப்பாளருக்கும் சுருக்கமாக எழுதுங்கள் என்பதே. மூன்றாண்டு பி.எஸ்சி.யும் இரண்டாண்டு எம்.எஸ்சி.யும் தகுதிக்குப் போதுமா, ஜி.ஆர்.இ. கட்டாயமா, ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரி தரும் சான்று ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலுக்கு ஈடாகுமா, கட்டணத் தள்ளுபடி வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் பல பல்கலைக்கழகங்களில் தள்ளுபடி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஜி.ஆர்.இ. எழுதியே ஆக வேண்டிய துறை என்றால், தேர்வு நாளன்று நான்கு இடங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். எனவே அந்த நான்கு பெயர்களை முன்பே முடிவுசெய்துகொண்டு தேர்வறைக்குப் போங்கள்.

அடுத்த ஓராண்டு ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். நகைக்கடனை அடைக்கத்தான் சேர்ந்தேன் என்றாலும், கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியோடு நாள் முழுவதும் இருந்தது பிறகு என் விண்ணப்பத்துக்குப் பலமாயிற்று. 2023 டிசம்பரில் முடியும் விண்ணப்பங்களை இம்முறை என் மின்னஞ்சலில், என் கையால் செய்தேன்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிகளிலிருந்து போகும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் வலுவிழக்கின்றன. நம்மிடம் பரிந்துரைக் கடிதம் என்றால் துறைத்தலைவர் தலைப்புத்தாளில் தரும் நன்னடத்தைச் சான்று. மாணவி ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, அவர் வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகள் என்று முடியும். அமெரிக்கத் தேர்வுக் குழுவுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. இந்த மாணவி ஆய்வகத்தில் என்ன செய்தார், ஒரு சோதனை தோற்றபோது எப்படி யோசித்தார், தாம் இதுவரை கற்பித்தவர்களில் இவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கடிதத்தைக் கையில் வாங்கி நாம் அனுப்பவும் முடியாது. பல்கலைக்கழகத்தின் அமைப்பிலிருந்து ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு போகும், அவரே பதிவேற்ற வேண்டும். முதல் ஆண்டில் அந்த இணைப்புகள் இரண்டு ஆசிரியர்களின் குப்பை அஞ்சல் பெட்டிக்குள் கிடந்தன. அவர்களும் எதுவும் வரவில்லை என்றே எண்ணியிருந்தார்கள்.

இரண்டாம் முறை அக்டோபரிலேயே மூன்று ஆசிரியர்களையும் நேரில் போய்ப் பார்த்தேன். பல்கலைக்கழகங்களின் பெயர், கடைசித் தேதி, இணைப்பு எந்த முகவரியிலிருந்து வரும் என்பவற்றை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். இன்னொரு தாளில் அவர்களிடம் நான் செய்த வேலைகளைக் குறிப்புகளாக எழுதியிருந்தேன். என் எம்.எஸ்சி. வழிகாட்டி, “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, நான் பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறேன்” என்றார். வேலைப்பளுவில் நம் ஆசிரியர்கள் பலர் சொல்வதுதான் இது, இதில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனால் மாணவரே எழுதினால் மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசும், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். “சார், படிகம் வளராமல் போனபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள்” என்று பணிவாகக் கேட்டேன். அவர் எழுதினார். வகுப்பில் நான் பெற்ற இடத்தைக் கடிதத்தில் குறிப்பிடும்படியும் கேட்டுக்கொண்டேன். 78 சதவீதம் என்பது நம் பல்கலைக்கழகத்தில் தனிச்சிறப்பு. அமெரிக்க வகுப்பறையில் அது சுமாரான மதிப்பெண்ணாகத் தோன்றும். நாமாக அதை அவர்களுடைய நான்கு புள்ளி முறையில் இத்தனை என்று கணக்குப் போட்டு மாற்றக் கூடாது. இருக்கும் அளவிலேயே கொடுத்துவிட்டு, முதல் வகுப்புக்கு 60, தனிச்சிறப்புக்கு 75 என்ற விளக்கம் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பதிவேற்ற வேண்டும். கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். அது 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வருவது. விட்டுக்கொடுக்கிறேன் என்று குறிப்பதே வழக்கம், அப்போதுதான் ஆசிரியர் மனந்திறந்து எழுதினார் என்று குழு நம்பும்.

ஆசிரியருக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. எனக்கும் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பின் திறக்கும் நிலைப் பக்கத்தில் எந்தக் கடிதம் வந்தது, எது வரவில்லை என்று தெளிவாகத் தெரியும். அதை வாரம் ஒருமுறை பார்த்து, வராத கடிதத்தைக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது நினைவூட்டுவது ஆசிரியருக்கும் உதவியே. கடைசித் தேதி என்பது அவர்கள் நாட்டு நேரப்படி. கிழக்குக் கடற்கரையில் டிசம்பர் 1 இரவு 11:59 என்றால் நமக்கு டிசம்பர் 2 காலை 10:29.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையை முதல் ஆண்டில் ஆலோசனை நிறுவனமே எழுதிக் கொடுத்தது; சிறு வயதில் சமையலறையில் வேதியியல் மீது காதல் பிறந்தது என்று தொடங்கும், எல்லோருக்கும் பொதுவான அறிக்கை அது. இம்முறை என் ஆய்வையே எழுதினேன். ஷிஃப் பேஸ் ஈனிகளோடு தாமிர அணைவுச் சேர்மங்கள் செய்வது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வழக்கமான எம்.எஸ்சி. திட்டம், அதைச் சாதாரணமானது என்று நினைத்து மறைக்கத் தேவையில்லை. எங்கள் கல்லூரியில் மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். கருவி கிடையாது, மாதிரிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்குப் பணம் கட்டி அனுப்பினோம் என்பதையும், கரைப்பானை மாற்றி மாற்றிப் பார்த்தும் நல்ல படிகம் கிடைக்காததால் நிறமாலைகளைக் கொண்டே அமைப்பை ஊகித்தேன் என்பதையும், அந்த ஊகத்தில் எனக்கு இன்னும் இருக்கும் ஐயத்தையும் எழுதினேன். அந்தத் துறையில் யாரோடு பணியாற்ற விரும்புகிறேன், ஏன் என்று மூன்று பேராசிரியர்களைக் குறிப்பிட்டேன். அவர்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்களா, மாணவர்களைச் சேர்க்கிறார்களா என்று பார்த்துவிட்டே பெயர்களை எழுதினேன். வேதியியலிலும் உயிரியலிலும் பல துறைகளில் முடிவெடுப்பது தேர்வுக் குழுதான். பேராசிரியருக்கு முன்கூட்டி அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் அதை மறுப்பாக எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். சூழலியல், புவி அறிவியல் போன்ற துறைகளில் மட்டும் நெறியாளர் ஒருவர் முன்பே சம்மதிப்பது அவசியமாக இருக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: விண்ணப்பத்துக்கு எடை கூட்டுவதற்காகப் பணம் கட்டி, யார் எதை அனுப்பினாலும் வெளியிடும் இதழ்களில் கட்டுரை போடாதீர்கள். அந்த இதழ்களின் பெயர் தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்; அது உங்கள் நேர்மையான வேலையையும் சேர்த்து ஐயத்துக்குள்ளாக்கும்.

பெயர் பற்றிய சிக்கல் நம் மக்களுக்கே உரியது. என் சான்றிதழ்களில் அப்பாவின் பெயர் ஒற்றை முதலெழுத்தாக இருந்தது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலி. இப்படியே போனால் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலும் விசாவிலும் நம் பெயர் குடும்பப்பெயராக ஏறிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற குறிப்பு விழும். அங்கே போனபின் வங்கிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே தொடரும். நான் இரண்டாம் முறை விண்ணப்பிக்கும் முன்பே அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துக் கடவுச்சீட்டை மறுபடி வாங்கிவிட்டேன். ஜி.ஆர்.இ., டோஃபல், விண்ணப்பம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரே இருக்க வேண்டும்; ஆகவே இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

பிப்ரவரியில் இரண்டு துறைகள் காணொளியில் பேச அழைத்தன. ஒரு பேராசிரியர் என் தாமிரச் சேர்மத்தின் வடிவம் ஏன் சீரான எண்முகியாக இருக்காது என்று கேட்டார். ஜான்–டெல்லர் விளைவைச் சொல்லத் தொடங்கியதும், அரை மணி நேரம் வேதியியல் மட்டுமே பேசினோம். என் கல்லூரியின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை, அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை. அந்த உரையாடலில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தை இல்லை. அந்தத் துறையிலிருந்தே முழு உதவித்தொகையோடு இடம் வந்தது. இடம் வந்ததும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பதறத் தேவையில்லை. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு வகுத்த தீர்மானத்தில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. முதல் ஆண்டில் ‘உடனே முன்பணம்’ என்று எங்களை நெருக்கியது கட்டணப் படிப்பு. அதற்கு இந்தத் தீர்மானத்தின் பாதுகாப்பு இல்லை.

2024-ல் விசாவுக்கு வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பான செவிஸின் கட்டணம் 350 டாலராகவும், விசாக் கட்டணம் 185 டாலராகவும் இருந்தன. சென்னை அண்ணா மேம்பாலத்துக்கு அருகில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களே நடந்தது. யார் பணம் தருகிறார்கள், என்ன ஆய்வு என்று கேட்டார்கள். வேதியியல் என்பதால் 221(ஜி) என்ற தாளைக் கொடுத்து, கூடுதல் சரிபார்ப்புக்காக என் ஆய்வுச் சுருக்கத்தையும் தன்விவரத்தையும் கேட்டார்கள். இது இறுதி மறுப்பு அல்ல, ஆனால் வாரக்கணக்கில் காக்க வைக்கும். எளிய மொழியில் எழுதிய ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்தை முன்பே தயாராக வைத்திருங்கள். தாமதமானால் ஐ-20-ல் உள்ள தொடக்கத் தேதிக்குள் சேர முடியாமல் போகலாம் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். முதல் உதவித்தொகை வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே கைக்கு வரும். வீட்டு முன்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் உணவுக்கும் குறைந்தது 2,000 டாலர் கையில் வேண்டும். படிப்புச் செலவுக்கு இரண்டாம் முறை நாங்கள் வாங்கிய கடன் இது ஒன்றுதான்.

இப்போது விண்ணப்பிப்பவர்களுக்கு நிலைமை சற்றுக் கடினமாகியிருக்கிறது. 2025-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி குறைக்கப்பட்டதாலும் நிறுத்தப்பட்டதாலும் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் இடங்களைக் குறைத்தன. கொடுத்த இடங்களைத் திரும்பப் பெற்ற நிகழ்வுகளும் உண்டு. அதே ஆண்டு ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நடைமுறையும் வந்துள்ளது. உயிரியல் மருத்துவத் துறைகளில் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தரும் பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும் என்பதால் வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் முன்பிருந்தே குறைவு. ஆகவே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் முதல் கடிதத்தில், இந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிறீர்களா, உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் அக்டோபருக்குள் போய்விட்டால் பதில் விரைவில் வரும். டிசம்பரில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பதால், பதில் வருவதற்குள் கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்துவிடும்.